ஒத்திகைக் கரை

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஜெசிந்தா தன் எதிராளியைப் பார்க்கப் போவாள்.

அதற்காக அவள் கடல் தாண்ட வேண்டியதில்லை. கொற்கைமுனைத் துறைமுக வாரியத்தின் மேல்மாடியில், முன்பு வயர்லெஸ் கருவிகள் இருந்த அறையைக் காலி செய்து, ஒரு சாய்வு நாற்காலி போட்டு, ஜன்னலுக்கு நீலத் திரை மாட்டியிருந்தார்கள். அவள் படுத்துக்கொண்டதும் நிலோஃபர் வந்து காதுக்குப் பின்னால் பொட்டளவு வில்லை ஒன்றை ஒட்டுவாள். கண் செருகத் தொடங்கும். வெளியே கிரேன்கள் முனகுவது கொஞ்சம் கொஞ்சமாக அலைச் சத்தமாக மாறும். உள்ளங்காலில் ஈர மணல் படும். நிமிர்ந்து பார்த்தால் நந்திக்குடாக் கரை. கவிழ்த்துப் போட்ட படகொன்றின்மேல் குகதாசன் உட்கார்ந்திருப்பார். ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பை, மறு கையில் கடித்த பனங்கட்டி.

"வாங்கோ ஜெசிந்தா. இண்டைக்குக் காத்து நல்லா இருக்கு. இருங்கோ."

முதல் நாள் அவள் பயந்துபோய்க் கண்ணைத் திறந்துவிட்டாள். நிலோஃபர்தான் தண்ணீர் கொடுத்து ஆசுவாசப்படுத்தினாள். காயல்பட்டினத்துப் பெண் அவள். இந்த வேலைக்காகவே ஒரு மென்பொருள் நிறுவனம் அனுப்பிவைத்திருந்த நிபுணர்.

"அவர் நிஜமில்ல மேடம். நிழலாள். அந்த மனுஷர் கூட்டத்துல பேசினது, பேட்டி கொடுத்தது, பத்திரிகையில எழுதினது எல்லாத்தையும் ஊட்டி வளர்த்திருக்கோம். நீங்க ஒண்ணு சொன்னா அவர் என்ன பதில் சொல்வார்னு முன்கூட்டியே பார்த்துக்கலாம்."

"அதுக்கு எதுக்கு என்னைத் தூங்க வைக்கணும்? கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து பேசிட்டுப் போறேன்."

"முழிச்சிருந்தா மனசு அதைப் பொம்மைன்னு ஒதுக்கிடும். அரைத்தூக்கத்துலதான் ஆளுன்னு எடுத்துக்கும். அப்பதான் நீங்களும் நிஜமா பேசுவீங்க."

ஜெசிந்தா மச்சாது துறைமுகத்தின் போக்குவரத்து மேலாளர். கப்பல்காரர்களிடம் பேசி முடிப்பதில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள். அதனால்தான் அரசாங்கம் இந்தப் பேச்சுவார்த்தைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது.

பேச்சுவார்த்தை மிதவூர்களைப் பற்றியது. ஓஷியாரா என்ற நிறுவனம் கடலில் விட்டிருந்த கப்பல்களைத்தான் சனங்கள் அப்படி அழைத்தார்கள். மாலுமியே கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு ஊர் அகலம். நங்கூரம் போடாமல், யாருக்காகவும் காத்திராமல், மேகக்கூட்டம்போல உலகைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு கடலுக்கு ஒரே ஒரு துறைமுகத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போகும். தொட்ட துறைமுகம் பிழைக்கும். மற்றவற்றில் கிரேன்களுக்குத் துருப்பிடிக்கும், லாரிக்காரர்கள் வண்டியை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போவார்கள். மேற்குக் கரையில் அப்படிப் படுத்துவிட்ட துறைமுகம் ஒன்றை ஜெசிந்தாவே நேரில் பார்த்திருந்தாள். சரக்குப் பெட்டி அடுக்கும் தளத்தில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

இந்தக் கடலுக்கு இரண்டு பேர் போட்டி. இக்கரையில் கொற்கைமுனை, அக்கரையில் நந்திக்குடா. அந்தப் பக்கம் பேச வருபவர் குகதாசன் என்பவர். ஏலம் முடியும்வரை போட்டியாளர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவே கூடாது என்பது ஓஷியாராவின் நிபந்தனை. பேச முடியாத மனிதரின் மனதை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்காகத்தான் நிழலாள்.

"பத்து வருஷத்துக்கு வரி வேண்டாம்னு சொல்லப்போறோம்," என்றாள் ஜெசிந்தா ஒரு மத்தியானம், படகின் நிழலில் உட்கார்ந்தபடி.

குகதாசன் பனங்கட்டியை ஒரு கடி கடித்தார். "நல்ல விசயம். நாங்கள் இருபது வருசம் எண்டு சொல்லுவம்."

"உங்க கஜானா தாங்குமா?"

"தாங்காது. எண்டாலும் சொல்லத்தானே வேணும்? கப்பல் வராட்டி கஜானாவே இல்லை."

அவர் சிரித்தார். கண்ணோரம் சுருங்கும் நல்ல சிரிப்பு. அவள் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலைமைச் செயலகத்துக்குப் போன் போட்டாள். துறைமுகத் துறைச் செயலாளர் திருவேங்கடம் மறுமுனையில் மூச்சை இழுத்துவிட்டார். "இருபதா? அப்ப நாம இருபத்தஞ்சு போட்டுடலாம். வேற வழி?"

இப்படியே போயிற்று. இலவச மின்சாரம், இலவச நிலம், தொழிலாளர் சட்டத்தில் விலக்கு. அவள் எதைக் கையில் எடுத்துக்கொண்டு போனாலும் குகதாசன் அதற்கு ஒரு படி கீழே இறங்கினார். அவள் பதறிக்கொண்டு திரும்பிவந்து இன்னொரு படி இறங்கச் சொல்லுவாள். ஆனாலும் மத்தியானங்களை அவள் எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தாள். அவள் கணவன் கப்பல் இன்ஜினியர். வருஷத்தில் பாதி கடலில், மீதி தூக்கத்தில். இத்தனை நிதானமாக அவள் பேச்சைக் கேட்பவர் வீட்டில் யாருமில்லை. குகதாசன் கேட்டார். துறைமுகம் கைவிட்டுப் போய்விடுமோ என்று விடியலில் விழிப்புத் தட்டுவதைச் சொன்னாள். தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். அக்கரையின் வெளிச்சம் எப்போதும் சாயங்காலத்துப் பொன்னாக இருந்தது. அலை வந்து காலைத் தொட்டுவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போகும். சில நாள், பேச வந்ததையே மறந்துவிட்டு இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒருநாள் அவர் சொன்னார்.

"குடாவுக்குத் தெற்கால ஒரு மீன்பிடி ஊர் இருக்குது. ஆழமான தண்ணி. அந்தச் சனத்தை அந்த இடத்திலயிருந்து எழுப்பிப்போட்டு, கரையை அப்பிடியே ஓஷியாராவுக்குக் குடுக்கப்போறம்."

ஜெசிந்தா அவர் பக்கம் திரும்பினாள். "அந்தச் சனம் எங்க போகும்?"

"அழுவினம்," என்றார் குகதாசன். கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பிறகு பழகிப்போடும்."

கொற்கைமுனைக்கு வடக்கிலும் ஆழமான தண்ணீர் உள்ள கரை ஒன்று இருந்தது. வலம்புரித்துறை. அதைத் தொட வேண்டாம் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள் ஜெசிந்தாதான். அவளுடைய அக்கா அருள்மேரி வாக்கப்பட்ட ஊர் அது. அன்றைக்கு அவள் திருவேங்கடத்துக்குப் போன் போட்டபோது, அவர் கேட்பதற்கு முன்னாலேயே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டாள்.

மூன்று மாதத்துக்குள் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். அடிதடி நடக்கவில்லை. லாரிகள் வந்தன, அதிகாரிகள் மரியாதையாகப் பேசினார்கள், கடலிலிருந்து ஒரு மணி நேரம் உள்ளே கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் சாவிகளைக் கையில் கொடுத்தார்கள். படகுகளைக் கட்ட இடமில்லாததால் அவற்றை மட்டும் விட்டுவிட்டு வந்தார்கள்.

ஜெசிந்தா பார்க்கப் போனாள். ஐந்தாவது மாடி. அருள்மேரி பால்கனியில் கால் நீட்டி உட்கார்ந்து, கூடவே கொண்டுவந்திருந்த மீன்வலைக்கு எதிர்த்திசையில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். வலை பால்கனிக் கம்பியில் துணி காயப்போட்டதுபோலத் தொங்கியது.

"வந்துருக்கியாட்டி? உக்காரு."

"எக்கா, வேற வழி இல்லக்கா. அந்தக் கரைக்காரன் ஊரையே கொடுக்கப்போறான். நாம கொடுக்கலன்னா துறைமுகமே போயிரும். இந்த ஊரு மொத்தமும் போயிரும்."

"அந்தாளு அப்படிச் சொல்லுதானா?"

"ஆமாக்கா. எங்கிட்டயே சொன்னான்."

அருள்மேரி அவளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். கோபப்படவில்லை. "அவன் ஊருலயும் என்னய மாதிரி ஒருத்தி இருப்பால்லா," என்று மட்டும் சொல்லிவிட்டு, காபி போட எழுந்துபோனாள்.

இறுதி ஏலத்துக்கு ஓஷியாரா இரண்டு தரப்பையும் ஒரு மிதவூருக்கு அழைத்தது. ஹெலிகாப்டர் அவளை இறக்கிவிட்டுப் போன பிறகுதான் அதன் அளவு உறைத்தது. மேல்தளத்தில் நடந்தால் மறுமுனை பனியில் கரைந்துவிடும். மனிதக் குரலே இல்லை. சரக்குப் பெட்டிகள் தாமாக எழுந்து, காற்றில் ஒரு கணம் யோசித்து, வேறு இடத்தில் உட்கார்ந்தன. கப்பல் நகர்வதே தெரியவில்லை. சுற்றியிருந்த கடல்தான் மெல்ல விலகிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. அரைத்தூக்கத்தில் இருக்கிறோமோ என்று ஜெசிந்தா இரண்டு முறை காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள். வில்லை இல்லை.

விடிகிற நேரத்தில் தளத்துக்கு வந்தபோது கைப்பிடிக் கம்பியருகே ஒருவர் நின்றார். கம்பளிக் குல்லாய், தொளதொளத்த கோட்டு. பக்கத்தில் போகும்வரை அடையாளம் தெரியவில்லை. குகதாசன்தான். ஆனால் பத்து வயது கூடியவர். கன்னம் ஒட்டிப்போய், இடது கை லேசாக நடுங்கியது. அவள் தன்னையறியாமல், பல நாள் பழகியவரிடம் சிரிப்பதுபோலச் சிரித்துவிட்டாள்.

அவர் சிரிக்கவில்லை.

"நீங்கள்தானே அந்த ஊரை எழுப்பினது?"

அந்தக் குரலில் அவள் கேட்டுப் பழகிய நிதானம் இல்லை. கரகரப்பும் வெறுப்பும் இருந்தன.

"நீங்க உங்க ஊரை எழுப்பப்போறீங்கன்னு தெரிஞ்சதால," என்றாள் அவள். "தெற்குப் பக்கம், மீன்பிடி ஊர்."

"ஆர் சொன்னது?"

"நீங்கதான்," என்று சொல்லவந்து நிறுத்திக்கொண்டாள். அவளுக்கே கேட்க அபத்தமாக இருந்தது. "உங்க நிழலாள் எங்ககிட்ட இருக்கு."

குகதாசன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கீழே தண்ணீர் சாம்பல் நிறத்திலிருந்து நீலமாகிக்கொண்டிருந்தது.

"உங்கட நிழலாள் எங்களிட்டயும் இருக்கிறா," என்றார் கடைசியில். "நல்லாச் சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கிறா. வடக்கால ஒரு ஊர் இருக்கு, அதைக் குடுக்கப்போறம் எண்டு அவதான் எனக்கு முதல்ல சொன்னவ. அதுக்கு முதல் ஊரை எழுப்புற நினைப்பே எங்களிட்ட இருக்கேல்லை."

"எப்ப சொன்னா?"

"மாசி கடைசியில."

ஜெசிந்தா அந்தப் பெயரைத் திருவேங்கடத்திடம் சொன்னது சித்திரையில். அவள் வாயிலிருந்து வருவதற்கு முன்பே, அவளுடைய சிரிப்போடு, அக்கரையில் யாரோ அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்க எழுப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லை. அடுத்த மாசம் எண்டு கையெழுத்தாகிட்டுது."

அவள் அங்கேயே நின்று நிலோஃபரை அழைத்தாள். காற்று இரைந்தது. குகதாசனும் கேட்கட்டும் என்று போனை இரண்டு பேருக்கும் நடுவில் பிடித்தாள்.

"நிலோஃபர், உண்மையைச் சொல்லு. அந்த நிழலாள் நிஜமாவே இவர் மாதிரிதானா?"

மறுமுனையில் தயக்கம். "தொண்ணூறு சதம் அவர்தான் மேடம். ஆனா..."

"ஆனா?"

"ஒத்திகைக்கு வர்ற எதிராளி, நிஜத்தைவிட ஒரு படி கடுமையா இருக்கணும்னு செயலகத்துலேர்ந்தே கேட்டாங்க. அவர்கிட்ட ஜெயிச்சுட்டா நிஜ ஆளை ஈசியா ஜெயிச்சிடலாம்ல? பாதுகாப்புக்காகத்தான். எல்லா ஊர்லயும் அப்படித்தான் கேட்பாங்க மேடம். யாரும் தப்பா ஒண்ணும் செய்யல."

"இறங்கி இறங்கி வந்தாரே, அது?"

"அது அந்த ஒரு படிதான் மேடம். நீங்க எங்க நிக்கிறீங்களோ, அதுலேர்ந்து ஒரு படி கீழ."

போனை அணைத்த பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக் கூசினார்கள். இல்லாத ஒருவரோடு போட்டி போட்டு, இருக்கிற ஊரைத் தொலைத்திருக்கிறாள் ஜெசிந்தா. அழுகை வரவில்லை. காலுக்குக் கீழே இருந்த அத்தனை பெரிய கப்பல் காகிதம்போல லேசாகிவிட்டதாகத் தோன்றியது.

"நான் எப்பிடி இருந்தன், உங்கட கனவில?" என்று கேட்டார் குகதாசன்.

"நல்ல மனுஷர். தேத்தண்ணி குடிச்சுட்டுப் பனங்கட்டி கடிப்பீங்க."

"எனக்குச் சீனி வருத்தம். பனங்கட்டி தொட்டுப் பன்ரெண்டு வருசம்." முதல் முறையாக அவர் முகம் கொஞ்சம் இளகியது. "எங்களிட்ட இருக்கிற நீங்கள் பாட்டுப் பாடுவியள்."

"எனக்குப் பாட்டே வராது."

சூரியன் எழுந்தது. அவர் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு சொன்னார்: "ஏலத்துக்கு முதலே கதைச்சிட்டம், இனி எப்பிடியும் எங்கள் ரெண்டு பேருக்கும் வேலை இல்லை. அந்தக் கையெழுத்தை நான் நிப்பாட்டிப் பாக்கிறன். நீங்கள் என்னோட உள்ளுக்கு வருவியளா?"

ஏல அறையில் மேசை மட்டும் இருந்தது, ஆளில்லை. தனித்தனியாக வரச் சொல்லியிருந்தும் இரண்டு பேரும் சேர்ந்தே நுழைந்து, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கூரையிலிருந்து தெளிவான தமிழில் ஒரு குரல் வணக்கம் சொன்னது.

"உங்கள் இறுதி விலையைச் சொல்லலாம்."

"ரெண்டு துறைமுகத்துக்கும் ஒரே விலை," என்றாள் ஜெசிந்தா. "சாதாரண வரி. சாதாரணக் கூலி. கரை எதுவும் கிடையாது. ஒரு தடவை அங்க தொடுங்க, ஒரு தடவை இங்க தொடுங்க. இல்லன்னா இந்தக் கடல்ல எங்கயும் தொடாம போங்க."

சொல்லி முடித்தபோது திருவேங்கடத்தின் முகமும், கிரேன் ஓட்டும் பிள்ளைகளும், மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளும் வரிசையாக மனதில் வந்தன. குகதாசன் கையை மேசைமேல் வைத்து, "அதுதான் எங்கட விலையும்," என்றார்.

குரல் உடனே பதில் சொல்லவில்லை. உலகத்தின் எல்லாத் துறைமுகங்களையும் ஒரே சமயத்தில் கணக்குப் போடும் அது, தேடித் தேடிப் பார்ப்பதுபோல மௌனமாக இருந்தது.

"உங்கள் இருவரோடும் நாங்களும் பலமுறை ஒத்திகை பார்த்திருக்கிறோம்," என்றது பிறகு. "எதிலும் நீங்கள் சேர்ந்து வரவில்லை. எங்களுக்கு அவகாசம் வேண்டும்."

மழைக்காலம் தொடங்கும்போது பதில் வந்தது. ஒரு வருஷத்துக்குச் சோதனையாக இரண்டு துறைமுகங்களையும் மாறி மாறித் தொடுவதாக ஓஷியாரா எழுதியிருந்தது. இரண்டு அரசாங்கங்களும் வெற்றி என்று அறிவித்துக்கொண்டன. குகதாசனைக் கட்டாய ஓய்வில் அனுப்பினார்கள். அந்தத் தெற்கு ஊர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஜெசிந்தாவை விருந்தினர் மாளிகைப் பராமரிப்புக்கு மாற்றினார்கள். வலம்புரித்துறையைச் சுற்றி வேலி இருந்தது. துறைமுகத்துக்குத் தேவைப்படாத அந்தக் கரையை யாரும் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

பொங்கல் கழிந்து திருவேங்கடம் வந்தார். விருந்தினர் மாளிகை வராந்தாவில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"சோதனை வருஷம் முடிஞ்சதும் மறுபடி ஏலம். புதுசா இன்னொரு துறைமுகமும் ஏலத்துக்கு வருது. இந்தத் தடவை ஆளுங்களை அனுப்பல. நிழலாளையே நேரா உட்கார வைக்கலாம்னு ஓஷியாரா சொல்லிடுச்சு."

"யாரோட நிழலாள் சார்?"

"உங்களோடதுதான்." அவர் தொண்டையைச் செருமினார். "அந்தக் கரைக்காரங்க வச்சிருந்ததை விலைக்கு வாங்கிட்டோம். ரொம்ப நல்லா பேசுது. உங்களைவிட ஒரு படி கெட்டி. வலம்புரித்துறையைக் கையில வச்சுக்கிட்டுப் பேசச் சொல்லியிருக்கு. தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்கும் மேல ஆள் இருக்காங்க."

அவர் கார் போன பிறகு ஜெசிந்தா வாரியக் கட்டடத்துக்கு நடந்தாள். நிலோஃபர் மேல்மாடியில் தனியாக இருந்தாள். நீலத் திரை காற்றில் ஊதி ஊதி அடங்கியது.

"அது என்ன பேசணும்னு யார் தீர்மானிப்பா?" என்று கேட்டாள்.

"யாரும் தீர்மானிக்க முடியாது மேடம். யார் அதுகிட்ட பேசுறாங்களோ, அவங்ககிட்டேர்ந்து கத்துக்கும். இதுவரைக்கும் பேசினவங்க எல்லாம் அதை ஜெயிக்க வந்தவங்க."

ஜெசிந்தா அந்தச் சாய்வு நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏலத்துக்கு இன்னும் நாள் இருக்குல்லா?"

நிலோஃபருக்குப் புரிந்துவிட்டது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவுப் பக்கம் பார்த்தாள். வேலை போய்விடும் என்று சொல்ல வாயெடுத்தவள், அதைச் சொல்லவில்லை. "மத்தியானத்துல மேல யாரும் வர்றதில்ல மேடம்," என்றாள்.

மறுநாள் ஜெசிந்தா அடுக்குமாடிக்குப் போய் அக்காவைக் கூட்டிவந்தாள். ஆட்டோவில் வரும்போதே எல்லாவற்றையும் சொன்னாள்: நிழலாளை, கப்பலை, இல்லாத எதிராளியை. "எங்கிட்டயே சொன்னான்னு உங்கிட்ட சொன்னது பொய்க்கா." அருள்மேரி ஆட்டோவின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். மேல்மாடி ஏறி மூச்சு வாங்கியதும், நாற்காலியைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"இதுல படுத்தா நீ வருவியோ?"

"நான் இல்லக்கா. என்னைவிடப் பொல்லாதவ."

"உன்னைவிடவா?" என்று சொல்லிவிட்டு அருள்மேரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், சேலையைக் கால்வரை இழுத்துவிட்டுப் படுத்தாள். நிலோஃபர் வில்லையை ஒட்டினாள். கிரேன்கள் முனகின. அக்காவின் முகத்திலிருந்த இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. உள்ளங்கால் இரண்டும், ஈரம் பட்டதுபோல, ஒருமுறை சுருங்கி விரிந்தன.

அவள் உதடுகள் அசையத் தொடங்கின. சத்தம் வரவில்லை. நெடுநேரம் பேசினாள். நடுவில் ஒருமுறை கையை உயர்த்தி எதையோ சுட்டிக்காட்டினாள், ஒருமுறை சிரித்தாள், ஒருமுறை மூடிய கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. ஜெசிந்தா துடைக்கப் போனாள். நிலோஃபர் வேண்டாம் என்று தலையசைத்தாள். தன் குரலில், தன் முகத்தோடு இருக்கிற ஒருத்தி இந்த நிமிஷம் அக்காவுக்கு என்ன பதில் சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே ஜெசிந்தா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

திரையில் வெயில் மங்கிய பிறகு அருள்மேரி கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்து, கூந்தலை முடிந்துகொண்டாள்.

"என்னக்கா சொன்னா?"

"ஒண்ணுஞ் சொல்லலட்டி. கேட்டுட்டே இருந்தா." அருள்மேரி குனிந்து காலால் செருப்பைத் தேடினாள். "நாளைக்கி நம்ம ஊரு மத்தவளுவளையும் கூட்டிட்டு வரச் சொன்னா."